கேட்டிருக்கக் கூடாது

நாளைக்கு என்றார் அப்பா. மணி இரண்டு பத்து. பஸ் டெப்போவில் முப்பத்து நாலு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்தவனுக்கு வேறு எது வராவிட்டாலும் மணி பார்க்க வரும், வண்டி உள்ளே வந்தது இத்தனை, வெளியே போனது இத்தனை, கை தானாக எழுதும். கேட்டது இரண்டு பத்து, பதில் வந்ததும் இரண்டு பத்து. அப்பா, பங்குச் சாமியாரை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லவா, இவ்வளவுதான் கேட்டேன், பால்காரரை நாளையிலிருந்து அரை லிட்டர் கூட ஊற்றச் சொல்லவா என்று கேட்கிற குரலில்தான் கேட்டேன், அந்தக் குரலை அடுப்படியில் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் ஆணியில் தொங்குகிற பச்சைப் பையைப் பார்த்தார். நாளைக்கு என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது இரண்டு பதினேழு. ஏழு நிமிஷமாக இந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் டாக்டர், எண்பத்திரண்டு வயசு இருதயம், ஒரு நாளோ ரெண்டு நாளோ, அவர் கட்டிலிலேயே படுக்க வையுங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு நாள் எப்போது தொடங்கியது, நேற்றுச் சாயங்காலமா, இன்று காலையா, டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது என் மனைவி பிலோ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "ஏங்க, நான் வர்றதுக்குள்ள ஃபாதருக்குப் போன் போட்டு வரச் சொல்லிருங்க. மாமாகிட்டக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க." சரி என்றேன். தலையைக்கூட ஆட்டினேன். பிறகு கேட்டுக்கொண்டு நின்றேன்.

கேட்கக் கூடாது என்பது பிலோ கண்டுபிடித்த சட்டம் இல்லை. அப்பாவுடைய சட்டம். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டி, ஹவில்தார் ஞானாதிக்கமாகப் பென்ஷனோடு திண்டுக்கல் வந்து இறங்கியவர், மறு வாரமே பங்குக் கோயிலுக்குப் போய், சாமி, எனக்கு ஒரு டியூட்டி குடுங்க என்று நின்றாராம். பாடச் சொன்னார்கள், குரல் இல்லை. மறைக்கல்வி எடுக்கச் சொன்னார்கள், முதல் நாளே பிள்ளைகளை அட்டென்ஷனில் நிறுத்தினார், தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் அவராகவே ஒரு டியூட்டியைப் பிடித்துக்கொண்டார். சாகக் கிடக்கிறவர்களுக்கு சாமியார் எண்ணெய் பூசப் போகும்போது முன்னால் போகிற வேலை. அவஸ்தைப் பூசுதல் என்பார்கள் அந்தக் காலத்தில், இப்போது மென்மையாக நோயில் பூசுதல் என்கிறார்கள், பேரை மாற்றினால் யார் ஏமாறப்போகிறார்கள். அப்பா அந்தப் பச்சைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் முன்னால் போவார். பைக்குள் ஒரு வெள்ளைத் துணி, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவத்தி, தீப்பெட்டி, சாமியார் விரல் எண்ணெயைத் துடைக்கப் பஞ்சு, பாதி எலுமிச்சம்பழம். சாமியார் போய்ச் சேருவதற்குள் ஸ்டூலில் துணி விரித்து, வத்தி ஏற்றி, வீட்டு ஆட்களை வரிசையாக நிறுத்தியிருப்பார். முப்பத்தைந்து வருஷம். எங்கள் பங்கில் அவர் நிற்காமல் செத்தவர்கள் விபத்தில் போனவர்கள் மட்டும்தான். தெருவில் பிள்ளைகள் விளையாடுவதை நிறுத்திவிட்டு, மிலிட்டரி தாத்தா போறாரு, யாருக்கோ டிக்கெட்டு என்பார்கள். ஒரு தடவை காய்ச்சலில் கிடந்த சம்மனசு மாமாவின் டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்கத்தான் அப்பா அவர் வீட்டுக்குப் போனார், வாசலில் அப்பாவைப் பார்த்ததும் மாமா கட்டிலிலிருந்து எழுந்து பின்பக்கமாக ஓடிவிட்டார். காய்ச்சல் அன்றோடு போய்விட்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அப்பா. ஆனால் சட்டத்தில் மட்டும் சிரிப்பே கிடையாது. வந்து நிற்கிற குடும்பத்திடம் சொல்வார், நோயாளிகிட்டக் கேக்காதீங்க. கேட்டா நாளைக்கும்பாங்க. இன்னைக்குன்னு சொன்ன ஆளை நான் பாத்ததே இல்ல. கேக்காமக் கூட்டிட்டு வாங்க. இத்தனையையும் சின்ன வயதிலிருந்து காதில் வாங்கி வளர்ந்தவன் நான், ஊரில் எவனுக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், நான் போய்க் கேட்டேன்.

மூச்சு நின்றிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. இது நேற்று ராத்திரியிலிருந்தே இப்படித்தான், பெரிதாக நாலைந்து மூச்சு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு திரும்ப வரும். ஒன்பது, பத்து. ஆக்சிஜன் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கென்ன, யார் மூச்சு விட்டாலும் விடாவிட்டாலும் அது ஓடும், கரண்ட் இருக்கிறவரை. கரண்ட் போனால் என்ன செய்வது என்று நேற்றே எலக்ட்ரிசியனைக் கேட்டிருக்க வேண்டும். பதினாலு. வந்துவிட்டது. பதினாலு விநாடி. காலையில் பதினொன்றாக இருந்தது. காலையில் பதினொன்று, இப்போது பதினாலு என்றால் சாயங்காலம் எவ்வளவு, இந்தக் கணக்கைப் போடாதே இன்னாசி, போடாதே. என் பேர் இன்னாசிமுத்து, இன்னாசியார் பட்டாள வீரராக இருந்து புனிதரானவர், காலில் குண்டடி பட்டவர், அதற்காகவே தேடி வைத்த பேர். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், பட்டாளத்தான் பிள்ளை பயந்தாங்கொள்ளி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்தொன்பது வயதில் ஆளெடுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓடு என்றார்கள். மைதானத்தை நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். முதல் சுற்றில் கேட் திறந்திருப்பதைப் பார்த்தேன், இரண்டாவது சுற்றில் கேட் வழியாக வெளியே ஓடி, மார்பில் ஒட்டிய நம்பரோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா ராத்திரி வந்து சேர்ந்தார். மாட்டுக் கொட்டகையில் ஒளிந்திருந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். சாப்பிட்டியாடா என்று கேட்டார். பத்து நாள் கழித்து, பஸ் டெப்போல ஆள் எடுக்குறாங்களாம், உக்காந்து பாக்குற வேலைதான், எழுதிப் போடு என்றார். அவ்வளவுதான், அந்த ஓட்டத்தைப் பற்றி இன்றுவரை என்னிடமோ அம்மாவிடமோ தங்கச்சியிடமோ வாய் திறந்ததில்லை.

அதனால்தான் பயமாக இருக்கிறது. அவர் சாகப்போகிறாரே என்பதில்லை, அதுவும்தான், ஆனால் அது வேறு. கண்ணைத் திறந்து பையைப் பார்த்தாரே, அந்த ஒரு பார்வை. அதை நான் வேறு முகங்களில் பார்த்திருக்கிறேன். டெப்போவில் பிரேக் பிடிக்காத வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்குகிற டிரைவர் முகத்தில் பார்த்திருக்கிறேன், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன், அப்பா முகத்தில் பார்த்ததே இல்லை. அவர் பயப்படுகிறாரா. ஹவில்தார் ஞானாதிக்கம் பயப்படுவாரா. தினமும் ராத்திரி ஏழரைக்குக் குடும்ப ஜெபமாலை, முட்டிபோட்டுத்தான், சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணாலேயே நிமிர்த்துவார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபமாலை முடிந்து சுரூபத்தை முத்தமிட்ட பிறகுதான் மிலிட்டரி கேன்டீன் ரம் ஒரு மூடி, முதல்ல மாதா, அப்புறந்தான் மத்தது என்பார், அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரம், ஒவ்வொன்றின் முடிவிலும் எங்கள் மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவிடம் கேட்கிறோம். ஒரு நாளைக்கு ஐம்பத்து மூன்று தடவை, அறுபது எழுபது வருஷம். இந்த நேரத்துக்காக இத்தனை லட்சம் தடவை சொல்லிவைத்த மனிதருக்குப் பயம் வருமென்றால் எனக்கு என்ன வரும். அவர் பயப்படாத ஆள் என்பதை நம்பித்தான் நான் பயந்துகொண்டே இருந்தேன். வீட்டில் ஒருவர் பயப்படாமல் இருந்தால் போதும், மற்றவர்கள் தாராளமாகப் பயந்துகொள்ளலாம். தங்கச்சி கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பதினோரு மணி வரை வந்து சேரவில்லை, கோயிலில் ஆள் ஆளுக்கு ஓடுகிறோம், இவர் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார், வண்டி பஞ்சராயிருக்கும் என்றார், பஞ்சர்தான் ஆகியிருந்தது. அவர் இருந்தால் எதுவும் பஞ்சரோடு நின்றுவிடும் என்று நம்பி ஐம்பத்து நாலு வயது வரை வந்துவிட்டேன்.

இரண்டு முப்பத்தெட்டு. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இப்போதே போன் போட்டால் என்ன. அம்மாவுக்குப் பூசும்போது அவர் கேட்கவில்லையே. மதலேன், உனக்குப் பூசணுமா என்று கேட்டுக்கொண்டா நின்றார், மஞ்சள் காமாலை முற்றி அம்மா நினைவில்லாமல் கிடந்தபோது நேராகப் போய் அப்போதிருந்த பெரிய சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நெற்றியில் எண்ணெய் பட்டதும் அம்மா கண்ணைத் திறந்தாள். மெழுகுவத்தியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "என்னைய அனுப்பி வைக்க ஆளோட வந்துட்டீகளா" என்றாள். சாமியார் போனதும் இரண்டு இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். அதன்பிறகு பதினோரு மாசம் இருந்தாள், பதினோரு மாசமும் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, காப்பியைக்கூட என் கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள். கடைசியில் ஒரு மத்தியானம் தூக்கத்தில் போய்விட்டாள், யாரையும் கூப்பிட நேரமில்லை, அப்பா அவள் காலைப் பிடித்துக்கொண்டு, போகட்டும், பூசியாச்சு, பூசியாச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கா அவருக்கா அம்மாவுக்கா, யாருக்குச் சொன்னார் தெரியாது. ஆக, எண்ணெய் பூசினால் செத்துப்போவார்கள் என்பது பொய், சிலர் இட்லி கேட்பார்கள். இது எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்காமல் கூட்டி வந்தார். கேட்காமல் கூட்டி வருவது வேறு, கேட்டு, வேண்டாம் என்றபிறகு கூட்டி வருவது வேறு. கேட்ட கேள்விதானே செய்தி. நேற்றுவரை அவர் நோயாளி, இரண்டு பத்துக்கு நான் அவரைச் சாகப்போகிறவர் ஆக்கிவிட்டேன். இனிமேல் கூப்பிட்டால் அப்பா பேச்சை மீறினவன், கூப்பிடாவிட்டால் அப்பா சட்டத்தை மீறினவன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று வாயால் சொல்லிவிடலாம், ஸ்டூலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

ஒருநாள்தான் சொன்னார், ஏன் இந்த டியூட்டி என்று. அம்மாவை அடக்கம் பண்ணிய வாரம், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், க்ளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார். லடாக்கில் பனிக்காலம், சண்டை எதுவும் இல்லை, சும்மா ரேஷன் ஏற்றிப் போன லாரி சரிந்துவிட்டது. அதில் ஔசேப்பு என்று ஒரு மலையாளத்துப் பையன், இருபத்திரண்டு வயது, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் போட்டிருந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸை எடுக்க முடியாது, ரோடு மூடிவிட்டது. ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே அப்பா அவனை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சேட்டா, ஞான் மரிச்சு போகுமோ என்று கேட்டானாம். இல்லடா, நாளைக்குக் காலைல ஹெலிகாப்டர் வந்துரும், தூங்கு என்றாராம். அவனும் சிரித்துவிட்டுத் தூங்கினான். விடியவில்லை அவனுக்கு. அப்பா ஒரு க்ளிப்பைக் கையில் வைத்து அழுத்தி அழுத்தித் திறந்துகொண்டே சொன்னார், "பாவத்துக்கு வருந்திச் சொல்ற உத்தம மனஸ்தாப மந்திரத்துக்கு எம்புட்டு நேரம் ஆகும் இன்னாசி? ஒரு நிமிசம். அவன் கேட்டான்ல. கேட்டவனுக்கு அந்த ஒரு நிமிசத்தைக் குடுக்காம தூங்க வச்சுட்டேன். அவன் பயந்துரக் கூடாதுன்னு நெனச்சேன்டா. பயந்தது நானு." அப்போது எனக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. ஈரத் துணி இன்னும் நாலு இருந்தது. பயந்தது நானு என்று சொல்லியிருக்கிறார். சொன்னவரிடம், அப்படியாப்பா, எதுக்குப் பயந்தீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டு, கேட்கக் கூடாததை இன்றைக்குக் கேட்டிருக்கிறேன்.

மணி அடித்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். ஒன்றுமில்லை, அவருடைய போனில் அலாரம். மூன்று மணி. சேசு உயிர்விட்ட நேரம், இறை இரக்கத்தின் நேரம், மூன்றுக்கு அலாரம் அடித்தால் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாலும் அப்பா ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார், ஒரு தடவை கண்டக்டரிடம் சில்லறை வாங்காமலே இறங்கிவிட்டார். அலாரத்தை நிறுத்தினேன். அப்பாவின் உதட்டைப் பார்த்தேன். அசையவில்லை. கேட்கவில்லையோ என்று குனிந்து, அப்பா, மூணு மணி என்றேன். கண் இமைக்குக் கீழே விழி நகர்ந்தது, கேட்டிருக்கிறது. சரி, நானே சொல்லுவோம் என்று அவர் விரலில் சுற்றியிருந்த ஜெபமாலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். பத்துப் பத்தாகச் சொல்வதில் இரண்டாவது பத்தில் வார்த்தை மறந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கேட்கிற ஜெபம், வாய் திறந்தபடி நிற்கிறேன், நாக்கு முன்னால் போகவில்லை. வேண்டுமென்றே ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். அப்பா முன்னால் ஜெபத்தைத் தப்பாகச் சொல்லித் தப்பித்தவன் எங்கள் வீட்டில் கிடையாது, பேரன் ஆறு வயதில் ஒரு சொல்லை முழுங்கினான் என்று முதலிலிருந்து சொல்ல வைத்தார். திருத்துவார் என்று காத்திருந்தேன். டேய் என்று ஒரு சத்தம் வந்தால் போதும். அவர் திருத்தவில்லை. மூச்சு நின்றது. பதினேழு வரை எண்ணினேன். அது திரும்பி வந்தபோது நான் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடியிருந்தேன். பிலோ சொன்னதற்காகவும் இல்லை, சட்டத்துக்காகவும் இல்லை. இந்த அறையில் இனி ஒரு நிமிஷம்கூட நான் தனியாக இருக்க முடியாது, அதனால்தான்.

ஃபாதர் ஜெரால்டு சின்ன வயது, எங்கள் பங்குக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. மூன்றாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன், குரல் எங்கெங்கோ போனது. "பத்து நிமிசத்துல வர்றேண்ணே. ஐயாகிட்டச் சொல்லியாச்சா?" என்றார். கேட்டேன் ஃபாதர், நாளைக்குங்கிறார் என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "இங்க வந்த புதுசுல ஐயாதாண்ணே எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. நாளைக்குங்கிற வார்த்தையைக் கேட்டா உடனே செருப்ப மாட்டிருங்க சாமின்னாரு. மாட்டிட்டேன்." போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அதை அடக்கினால் விக்கல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து நின்றேன். பத்து நிமிஷம் இருக்கிறது. சாமியார் வருவதற்குள் துணி விரித்திருக்க வேண்டும், வத்தி ஏற்றியிருக்க வேண்டும், இதையெல்லாம் செய்கிற ஆள் கட்டிலில் கிடக்கிறார். ஆணியிலிருந்து பையை எடுக்க வேண்டும். கட்டிலுக்கு நேர் எதிரே ஆணி. மனதில் என்னென்னவோ யோசனை, வேறு துணி, வேறு வத்தி, அலமாரியில் இருக்கிறதே, பையைத் தொடாமலே சமாளித்துவிடலாமே. பிறகு எடுத்தேன். பக்கிள் தகரச் சத்தம் போட்டது. திரும்பிப் பார்த்தேன், அப்பா கண்ணைத் திறந்து வைத்திருந்தார். நான் ஸ்டூலில் துணியை விரித்தேன், கோணலாக இருந்தது, இழுத்துவிட்டேன், மறுபக்கம் கோணியது. சுரூபத்தை வைத்தேன். எலுமிச்சம்பழத்துக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். தீக்குச்சி மூன்று அணைந்தது, நாலாவதில் பற்றியது. இத்தனையையும் பார்த்துக்கொண்டே இருந்தார், முப்பத்தைந்து வருஷம் அவர் செய்த வேலை, நான் எங்கே தப்புச் செய்கிறேன் என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அப்பா மெல்ல, ரொம்ப மெல்ல, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாவசங்கீர்த்தனம் கேட்கணும், ஐயா பாவத்தைச் சொல்லணும், நீங்க கொஞ்சம் வெளியே இருங்கண்ணே என்றார் ஃபாதர். வராந்தாவில் நின்றேன். எதிர்வீட்டுப் பெண் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள், கிரைண்டர் சுற்றுகிற சத்தம், ஒருவன் தெருவில் கீரை கூவிக்கொண்டு போனான், மூன்று இருபத்தொன்பது, உலகத்துக்கு ஒரு வேலையும் நிற்கவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன், கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கதவு திறந்தது. "பேச மாட்டேங்கிறாருண்ணே. நான் பாவமன்னிப்புச் சொல்லிட்டேன். நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க." போய் நின்றேன். ஃபாதர் எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார், கட்டைவிரலை நனைத்தார், அப்பாவின் நெற்றியில் சிலுவை போட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தில் அது கொஞ்சம் சாய்வாக விழுந்தது. நெற்றிக்குப் பிறகு கை, உள்ளங்கை இரண்டிலும் பூச வேண்டும். அப்பா இரண்டு கையையும் இறுக மூடி மார்பின்மேல் வைத்திருந்தார். ஐயா, கையைத் திறங்க என்றார் ஃபாதர். திறக்கவில்லை. நான் ஒரு கையைப் பிடித்து, சுண்டுவிரலை நிமிர்த்தினேன், நிமிர்த்தி அடுத்த விரலுக்குப் போவதற்குள் அது திரும்ப மடங்கிக்கொண்டது. சாகிற உடம்பில் இவ்வளவு பலமா. திரும்ப முயன்றேன். என் கை ஆடியது, அவர் கையும் ஆடியது, எது யாருடைய ஆட்டம் என்று பிரிக்க முடியவில்லை. ஃபாதர் எண்ணெய் வடிகிற விரலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு அப்பாவின் காதில் வாயை வைத்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது, தைரியமாக இருங்கப்பா என்று சொல்லத்தான் நினைத்திருப்பேன், எவனும் அதைத்தான் சொல்வான். "பயமா இருக்காப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே தலையை அசைத்தார். ஆமாம். ஐம்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. "எனக்கும் ரொம்பப் பயமா இருக்குப்பா" என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி, ஃபாதர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை, மூக்கு ஒழுகியது. அப்பா முகத்தைத் திருப்பினார். அந்தக் கழுத்து திரும்ப எத்தனை நேரம் ஆயிற்று என்று பார்க்க மறந்துவிட்டேன். என் முகத்தைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்தார். வாய் காய்ந்திருந்தது, குரல் காற்றாகத்தான் வந்தது.

"நீ எதுக்குடா பயப்படுற. நான் இருக்கேன்ல" என்றார்.

கையைத் திறந்தார்.